முதல் சுஷி: ஒசாகாவிலிருந்து டோக்கியோ வரை

சனி, ஒசாகா

கன்சாய் விமான நிலையத்திலிருந்து அண்ணன் வீடு வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. மதினி மிளகு ரசம் வைத்து, அப்பளம் பொரித்துக் காத்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டே பயணத் திட்டத்தைப் பேசி முடித்தோம். கோயிலும் கோட்டையும் வழியில் வந்தால் பார்த்துக்கொள்வது. வந்த வேலை சுஷி, வினிகர் சோற்றோடு பெரும்பாலும் மீன் சேர்ந்த ஜப்பானியப் பண்டம்.

தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவள் நான். சாளை, விளமீன், பாறை, கணவாய் என்று எதையும் விட்டதில்லை. ஆனால் எல்லாமே குழம்பில் கொதித்தோ, சட்டியில் பொரிந்தோ, வெயிலில் காய்ந்தோ வந்தவை. பச்சையாக ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை. சென்னையில் சுஷி கடைகள் வந்து வெகுகாலம் ஆகிறது. தோழிகள் கூப்பிட்டபோதெல்லாம் தள்ளிப்போட்டேன். முதல் வாய் அது பிறந்த நாட்டிலேயே இருக்கட்டும், ஒரே ஒரு கடையோடு முடியாமல் அது எங்கிருந்து எப்படி வந்தது என்று தேடிப் பார்த்துச் சாப்பிடுவோம் என்ற ஆசை.

அண்ணனுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. மற்ற நாளெல்லாம் மதினிதான் துணை. அவர் திருநெல்வேலிச் சைவக் குடும்பம். மீனைத் தொடமாட்டார், ஆனால் ஜப்பானிய மொழி தண்ணீர் பட்ட பாடு. சைவர் ஒருவர் சுஷி கடையில் என்ன சாப்பிடலாம் என்பதையும் இந்தப் பயணத்திலேயே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

ஞாயிறு, ஃபுசே

நம்பாவில் கின்டெட்சு ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஃபுசே. ஹிகாஷி ஒசாகாவைச் சேர்ந்த இடம். சுற்றிலும் சின்னச் சின்னப் பட்டறைகள். 1958-இல் ஷிராய்ஷி யோஷியாகி என்பவர் இங்கேதான் முதல் சுழலும் சுஷி கடையான ‘கென்ரோகு சுஷி’யைத் திறந்தார். பட்டறைத் தொழிலாளர்கள் கூட்டமாக வருவார்கள், பரிமாற ஆள் போதாது. பியர் தொழிற்சாலையில் பாட்டில்கள் கன்வேயர் பட்டையில் வரிசையாக ஓடுவதைப் பார்த்தவருக்கு, தட்டுகளையும் இப்படி ஓடவிட்டால் என்ன என்று தோன்றியிருக்கிறது. ரொம்ப மெதுவாகப் போனால் காத்திருப்பவருக்குப் பொறுமை போய்விடும், வேகம் கூடினால் மீன் காய்ந்துபோகும். விநாடிக்கு 8 செ.மீ. என்று கடைசியில் நிலைத்தது. 1970-இல் ஒசாகா உலகக் கண்காட்சியில் இதைப் பார்த்துவிட்டுப் போனவர்களால் நாடு முழுக்கப் பேர் பரவியது. அதுவரை சுஷி என்றால் சாமானியர்கள் விசேஷத்துக்கு மட்டும் வாங்கும் பண்டம். அதை வாரக் கடைசியில் பிள்ளைகுட்டிகளோடு போய்ச் சாப்பிடும் சாப்பாடாக்கியது இந்தப் பட்டைதான்.

முதல் தட்டை அண்ணன்தான் எடுத்து வைத்தான். சூரை இனத்து மீனின் சிவப்புச் சதை, ‘அகாமி’. விரல் நீளச் சோற்று உருண்டையின் மேல் சிவப்பாக ஒரு துண்டு படுத்திருந்தது.

“கையாலயே எடுட்டி. இங்க யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க.”

“சோறு உதிர்ந்துராதா?”

“அப்படியே சாய்ச்சு மீன் பக்கத்தை மட்டும் சாஸ்ல தொடு. சோத்தை முக்கினாத்தான் உதிரும்.”

ஒரே வாயில் போட்டேன். எதிர்பார்த்தது மீன் வாடை. அது துளியும் இல்லை. குளிர்ச்சியாக, மெத்தென்று, பல்லில் நார் தட்டாமல் அறுந்தது. லேசாக இரும்பு போன்ற ஒரு ருசி, அதற்குப் பின்னால் சோற்றின் புளிப்பும் மெல்லிய தித்திப்பும். மெல்ல மெல்ல, மீன் முன்னால் போய்விட்டது, சோறு நின்றது. இரண்டாவது துண்டில் மீனை விட்டுவிட்டுச் சோற்றைக் கவனித்தேன். குழையவில்லை, பருக்கை பருக்கையாகப் பிரிகிறது, ஆனால் கையில் எடுத்தபோது ஒட்டி நின்றது. இது எப்படி என்ற கேள்வி அப்போதே பிடித்துக்கொண்டது.

அடுத்து சால்மன். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளை வரிகளோடு, கொழுப்பில் பளபளத்தது. குழந்தைகள் இருந்த மேசைகளில் எல்லாம் இதுதான். ஜப்பானியர்கள் சால்மனைச் சுஷியாக உண்ணும் பழக்கத்துக்கு வயது அதிகமில்லை. பசிபிக் கடலில் பிடிபடும் சால்மனில் அனிசாகிஸ் என்ற புழு இருக்கும், அதனால் உப்புக்கண்டமாகவோ சுட்டோதான் தின்பார்கள். 1980-களில் நார்வே நாட்டுக்காரர்கள் பண்ணையில் வளர்த்த சால்மனைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் போடுவது தயாரித்த தீனி என்பதால் புழு தொற்ற வழி குறைவு. பச்சையாகத் தின்னலாம் என்று இங்குள்ள வியாபாரிகளை நம்பவைக்கவே அவர்களுக்குப் பல வருஷம் ஆனது.

நம் ஊரில் பலர் பயப்படுவதும் இந்தப் புழுவுக்குத்தான், பயப்படவும் வேண்டும். சுஷியோடு வைக்கும் வசாபி என்ற பச்சை நிறக் காரப் பசை, வினிகர், உப்பு எதுவும் அதைக் கொல்லாது. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரத்துக்கு மேல் உறையவைத்தால் சாகும் என்பது ஜப்பான் சுகாதார அமைச்சகம் சொல்லும் கணக்கு. சந்தையில் வாங்கிய மீனை அப்படியே வீட்டில் வெட்டி வைத்துச் சுஷி என்று தின்பதை யாரும் செய்ய வேண்டாம்.

மதினி வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய கப்பா மாகி சாப்பிட்டார். இனாரி என்று பழுப்பாக ஒரு பை வந்தது, பொரித்த டோஃபுவை, அதாவது சோயா கட்டியை, இனிப்பாக வேகவைத்து உள்ளே சோறு அடைத்தது. பார்க்கச் சைவம். ஆனால் அந்த டோஃபுவை வேகவைக்கும் சாற்றில் பெரும்பாலும் மீன் சேர்ந்திருக்கும். முட்டைச் சுஷியிலும் அப்படியே. மதினி கேட்காமல் எதையும் எடுப்பதில்லை.

திங்கள், நாரா

மான்களைப் பார்த்தோம், பெரிய புத்தரைப் பார்த்தோம். அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நான் வந்தது காகினோஹாசுஷிக்காக. நாராவுக்குக் கடல் கிடையாது. அந்தக் காலத்தில் கீ தீபகற்பத்துக் கரையிலிருந்து கானாங்கெளுத்தியை உப்பில் புதைத்து மலைப்பாதையில் தலைச்சுமையாகக் கொண்டுவருவார்கள். வந்து சேரும்போது உப்பு ஏறிப்போயிருக்கும். அதை மெல்லிசாகச் சீவி, சோற்றின் மேல் வைத்து, பெர்சிமன் என்ற பழ மரத்து இலையில் பொட்டலமாக மடித்து, பெட்டியில் அடுக்கி மேலே கனம் வைப்பார்கள். ஓரிரு நாள் கழித்துத்தான் ருசி கூடும்.

நவம்பர் என்பதால் இலை சிவந்திருந்தது. சாதாரண நாளில் பச்சை இலையில் கட்டுவதை, இப்போது மட்டும் சிவந்த இலையில் கட்டித் தருகிறார்கள். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தேன். இலையைத் தின்பதில்லை. ஆனால் அதன் வாசனை சோற்றில் இறங்கியிருந்தது. மீன் நேற்றுத் தின்ற சூரையைப் போல மெத்தென்று இல்லை. இறுகி, உப்பும் புளிப்புமாக, கருவாட்டுக்கும் பச்சை மீனுக்கும் நடுவில் ஏதோ ஒன்றாக இருந்தது. சோறு கட்டியாக அழுந்தியிருந்தது. சோயா சாஸ் தேவைப்படவில்லை.

எனக்கு நேற்றையதைவிட இது அதிகம் பிடித்தது. உப்புப் போட்டு மீனைக் காப்பாற்றுவது என் ஊர்க் கைப்பழக்கம், நாக்கு உடனே அடையாளம் கண்டுகொண்டது.

செவ்வாய், ஓட்சு

ஒசாகாவிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் ஓட்சு வந்துவிடும். ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பிவா கரையில் இருக்கிற ஊர். சுமார் 670 சதுர கிலோமீட்டர் ஏரி, கரையில் நின்றால் கடல் போலத்தான் தெரிகிறது.

இன்று சாப்பிட்டது ஃபுனாசுஷி. இதைப் பார்த்தால் சுஷி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் சுஷியின் மூதாதை இதுதான். பிவா ஏரியில் மட்டுமே இருக்கும் நிகோரோபுனா என்ற கெண்டை இனத்து மீன். வசந்தத்தில் முட்டையிடக் கரைக்கு வரும்போது சினையோடு பிடிப்பார்கள். செதில் எடுத்து, வயிற்றைக் கீறாமல் செவுள் வழியாகவே குடலை உருவிவிட்டு, சினையை உள்ளேயே விட்டு உப்பில் அடுக்குவார்கள். கோடை உச்சத்தில் வெளியே எடுத்துக் கழுவி, காயவைத்து, மீனுக்குள்ளும் மீனைச் சுற்றியும் வடித்த சோற்றை அடைத்து, மரப்பீப்பாயில் அடுக்கடுக்காக வைத்து மூடி மேலே கல் ஏற்றுவார்கள். சோறு புளிக்கும். அந்தப் புளிப்பு மீனைக் கெடாமல் காக்கும், முள்ளையும் இளக்கிவிடும். மாதக்கணக்கில் இருக்கும், சிலர் வருஷக்கணக்கில் விடுவார்கள். சோறு கூழாகிவிடும், பெரும்பாலும் வழித்துவிட்டு மீனைத் தின்பார்கள்.

10-ஆம் நூற்றாண்டில் தொகுத்த ‘எங்கிஷிகி’ என்ற அரசுச் சட்டத் தொகுப்பிலேயே இந்தப் பகுதி அரசவைக்குக் கட்ட வேண்டிய வரிப் பொருள்களில் இது இருக்கிறது. மீனைச் சோற்றில் புதைக்கும் வித்தையே தென்கிழக்கு ஆசியாவில் மேகாங் ஆற்றுப் பக்கம் நெல் விளைந்த இடங்களில் தோன்றி இங்கே வந்தது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

பழைய கடை ஒன்றில் சின்னத் தட்டில் சில துண்டுகள் வாங்கினோம். சினையோடு குறுக்காக வெட்டியது. வெளியே வெளிர்சாம்பல் தோல், நடுவில் ஆரஞ்சு நிறச் சினை இறுகிக் கிடந்தது, ஓரத்தில் வெள்ளையாகச் சோற்றுக் கூழ் ஒட்டியிருந்தது. மூக்கருகில் கொண்டுபோனதும் எனக்குத் தெரிந்த வாசனை. ஊறவைத்த பழைய சோற்றுப் பானையைக் கோடைக் காலத்தில் மூன்றாம் நாள் திறந்தால் வருமே, அது. மதினி ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

நாக்கில் வைத்தால் முதலில் உப்பு, உடனே சுள்ளென்று புளிப்பு. மெல்லும்போது சினை மணல் மணலாக உடைந்து, பாலாடைக்கட்டி போன்ற கொழுப்பு ருசி வந்தது. முள் இருந்த இடம் தெரியவில்லை. கடைக்கார அம்மாள் ஒரு கிண்ணம் சோற்றில் இரண்டு துண்டை வைத்துச் சூடாகத் தேநீர் ஊற்றித் தந்தார். அது அமிர்தம். சூட்டில் புளிப்பு பரவி, கிண்ணத்தைத் தூக்கிக் குடித்து முடித்தேன். கடைக்கார அம்மாள் மதினியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். “வெளியூர்க்காரங்க பாதிலயே வச்சிட்டுப் போயிடுவாங்களாம், நீ கிண்ணத்தைக் காலி பண்ணிட்டேன்னு சந்தோஷப்படறாங்க” என்றார் மதினி.

விலை அதிகம். மீன் குறைந்துவிட்டதே காரணம். முட்டையிடும் நாணல் கரைகள் அழிந்தன, வெளியிலிருந்து வந்த பிளாக் பாஸ், புளூகில் மீன்கள் ஏரியில் பெருகிக் குஞ்சுகளைத் தின்கின்றன. நாணல் நடுவதும், நிகோரோபுனா குஞ்சு பொரித்து விடுவதும் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு ஏரி, அதில் மட்டுமே ஒரு மீன், அந்த மீனை நம்பி ஆயிரம் வருஷப் பக்குவம். இது நின்றுவிடக் கூடாது.

புதன், ரயிலில்

டோக்கியோ போகும் புல்லட் ரயில் நகோயாவைத் தாண்டும்போது தெற்கே சித்தா தீபகற்பம். அதில் ஹண்டா என்ற துறைமுக ஊர். இறங்க நேரமில்லை, ஆனால் எழுதாமல் விட முடியாது. நேற்றைய ஃபுனாசுஷிக்கும் ஞாயிற்றுக்கிழமை தின்றதற்கும் நடுவில் இருக்கும் கண்ணி அந்த ஊர்.

மாதக்கணக்கில் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் மெல்ல மெல்லப் புளிக்கும் காலத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். சோறு கூழாவதற்கு முன்பே எடுத்து மீனோடு சேர்த்துத் தின்றார்கள். பிறகு புளிக்கவே விடாமல், வினிகரை ஊற்றிப் புளிப்பை வரவைத்தார்கள். ஆனால் அரிசி வினிகர் விலை கூடுதல். ஹண்டாவில் சாகே என்ற அரிசி மது வடிக்கும் குடும்பத்தைச் சேர்ந்த நகானோ மதாஸாஎமோன் 1804-இல் தொழில் தொடங்கி, சாகே பிழிந்தபின் எஞ்சும் சக்கையிலிருந்தே வினிகர் எடுத்தார். இன்றைய மிஸ்கான் நிறுவனம் அதுதான். சக்கையை நாள்பட வைத்தால் சிவந்துவிடும், வினிகரும் செம்பழுப்பாக வரும். தானாகவே தித்திப்பு இருக்கும், விலையும் குறைவு. கப்பலில் எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்குப் போனது. அங்கே தள்ளுவண்டிக்காரர்கள் காத்திருந்தார்கள்.

ஷிசுவோகா பக்கம் தேயிலைச் சரிவுகள் வந்தன. அந்த மாகாணத்து இசு மலையோடைகளில் அசல் வசாபி வளர்க்கிறார்கள். குழாய்ப் பசையாக விற்கும் மலிவு வசாபியில் பெரும்பகுதி வேறு ஒரு காரக் கிழங்கு, நிறம் சேர்த்தது.

வியாழன், டோயோசு, ட்சுகிஜி

விடியும் முன்பே கிளம்பி யுரிகமோமே ரயிலில் ஷிஜோமாயே நிலையம். 1935 முதல் ட்சுகிஜியில் நடந்த மொத்த மீன் சந்தை, 2018 அக்டோபரில் டோயோசுவுக்கு மாறியது. முழுக்க மூடிய, குளிரூட்டிய கட்டடம். பார்வையாளர்கள் கண்ணாடிக்குப் பின்னால் மாடியில் நிற்க வேண்டும். பக்கத்தில் போய் நிற்கத் தனி இடம் உண்டு, அதற்கு முன்கூட்டியே பதிந்து குலுக்கலில் பெயர் வர வேண்டும். எங்களுக்கு வரவில்லை. மாடியே போதும், நன்றாகத் தெரிகிறது.

கீழே பச்சைத் தரையில் தலை, வால் நறுக்கிய சூரை மீன்கள் வரிசையாகக் கிடக்கின்றன. வாலை வெட்டிய இடத்தில் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். ஒருவர் ஒரு கிள்ளு சதையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டினார், கொழுப்பு எவ்வளவு என்று விரலே சொல்லிவிடும். மணி அடித்ததும் ஏலம். கூவுகிறவர் உடம்பை ஆட்டி ஆட்டிப் பாட்டு மாதிரி இழுக்க, எதிரே நிற்பவர்கள் விரலை மட்டும் காட்டுகிறார்கள். மீன் ஒன்றுக்கு விநாடிக் கணக்குதான். எங்கள் ஊர் ஏலக்கூடத்துச் சத்தத்தில் வளர்ந்த எனக்கு இந்த விரல் பேச்சு பார்க்கப் பார்க்கச் சலிக்கவில்லை.

இங்கே புத்தாண்டு முதல் ஏலம் ஒரு திருவிழா. 2019 ஜனவரியில் 278 கிலோ நீலத்துடுப்புச் சூரை ஒன்று 33 கோடியே 36 லட்சம் யெனுக்குப் போனது. எடுத்தவர் சுஷி சன்மாய் உணவகங்களை நடத்தும் கிமுரா கியோஷி. சகுனத்துக்கும் விளம்பரத்துக்கும் கொடுக்கும் விலை அது, மற்ற நாளில் அப்படிப் போவதில்லை.

ட்சுகிஜியில் மொத்தச் சந்தைதான் போனது. அதை ஒட்டி வளர்ந்த வெளிச்சந்தைக் கடைகள் அங்கேயே இருக்கின்றன. கத்தி, கடற்பாசி, ஊறுகாய், குச்சியில் செருகிய முட்டை என்று நெருக்கியடித்த சந்துகள். ஒரு கடை வாசலில் காலை எடுத்துவைக்க முடியாமல் நின்றுவிட்டேன். மாசிக் கருவாட்டு வாசனை! எங்கள் வீட்டில் மாசிச் சம்பல் இடிக்கும் நாளில் தெருவெல்லாம் வருமே, அதே புகை வாசனை. காட்சுவோபுஷி விற்கும் கடை அது. சூரையை வேகவைத்து, புகைபோட்டு, உலர்த்தி விறகாக்கும் அதே வேலை. உயர்ந்த ரகத்துக்கு மட்டும் பூசணம் ஏற்றி மறுபடி மறுபடி வெயில் காட்டுகிறார்கள். இரண்டு கட்டையைத் தட்டிக் காட்டினார் கடைக்காரர், ‘டொக் டொக்’ என்று மரச்சத்தம். மாலத்தீவு, இலங்கை, தூத்துக்குடி, இங்கே ஜப்பான். ஒரே மீன், ஒரே புகை.

ஜப்பானியச் சமையலின் சாறு முக்கால்வாசி இதில்தான் தொடங்குகிறது. மதினி இனாரியை ஏன் தொடுவதில்லை என்பது அந்தக் கடை வாசலில் முழுசாகப் புரிந்தது.

வெள்ளி, ரியோகோகு

டோக்கியோவில் சூமோ அரங்கு இருக்கும் பகுதி. சுமிதா ஆற்றுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், நிகிரி சுஷி பிறந்த இடம் என்று ஒரு பலகை இருக்கிறது. ஹனயா யோஹெய், 1799 முதல் 1858 வரை வாழ்ந்தவர். 1820-களில் இங்கே கடை வைத்தார். கையால் பிடித்துக் கொடுக்கும் சுஷிக்கு அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். எடோ அவசரக்காரர்களின் ஊர். தள்ளுவண்டி முன்னால் நின்றபடியே இரண்டைத் தின்றுவிட்டுப் போவார்கள். அன்றைய உருண்டை இன்றையதைப் போல இரண்டு மூன்று மடங்கு பெரிது.

அப்போது ஐஸ் கிடையாது. எடோவுக்கு முன்னால் இருந்த குடாவில் பிடித்த மீன்தான், ஆனால் பச்சையாக வைத்தால் சாயங்காலம் வரை தாங்காது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்குவம். சின்ன மீனுக்கு உப்பும் வினிகரும். விலாங்குக்கு வேகவைத்துக் குழம்பு பூசுவது. இறாலை அவிப்பது. சூரையைச் சோயா சாஸில் ஊறவைப்பது. சூரையின் கொழுப்பு வயிற்றுப் பகுதியில் சாஸ் இறங்காது, சீக்கிரம் கெட்டும் போகும், அதனால் தூக்கி எறிந்தார்கள். இன்று அதற்குத்தான் உச்ச விலை.

இதெல்லாம் எடோவின் உள்ளூர்ப் பண்டமாகத்தான் இருந்தது. 1923 நிலநடுக்கத்தில் டோக்கியோ சிதைந்தபின் சுஷிக்காரர்கள் பலர் சொந்த ஊர்களுக்குப் போய்க் கடை போட்டார்கள். போருக்குப் பின், 1947-இல் உணவுப் பஞ்சத்தால் சாப்பாட்டுக் கடைகளுக்குத் தடை வந்தது. வாடிக்கையாளர் கொண்டுவரும் ஒரு கோ அரிசிக்கு, நம் அளவில் கிட்டத்தட்ட 150 கிராம், பத்து சுஷி பிடித்துக் கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்ள மட்டும் டோக்கியோ சுஷிக்காரர்கள் அனுமதி பெற்றார்கள். மற்ற ஊர்களும் அதையே பின்பற்ற, நிகிரி நாடு முழுக்க வேரூன்றியது. சோறு இல்லாத காலத்தில் சோற்றைக் கொண்டுவந்து கொடுத்துச் சுஷி வாங்கியிருக்கிறார்கள் என்பதை மதினி படித்துச் சொன்னபோது எனக்கு மனசு கனத்துவிட்டது.

மதியம், பலகை மேசைக்கு முன்னால் ஏழெட்டு பேர் மட்டும் உட்காரும் சின்னக் கடை. பழைய எடோ பக்குவம் செய்கிறார்கள் என்று மதினி முன்பே போன் செய்து, தனக்கு மீன் சேராத வகைகளையும் சொல்லி வைத்திருந்தார். சமையற்காரருக்கு அறுபது வயதிருக்கும்.

அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வினிகர் கலந்த தண்ணீரில் விரல் நுனியை நனைத்து, உள்ளங்கையில் ஒரு தட்டு. வலது கை மரச்சட்டிக்குள் போய்ச் சோற்றோடு வருகிறது. இடது கையில் மீன். வலது ஆள்காட்டி விரல் வசாபியைத் தொட்டு மீனின் அடியில் தடவுகிறது. சோற்றை வைத்து, கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி. புரட்டி, இரண்டு விரலால் ஒரு அழுத்தம், திருப்பி இன்னொரு அழுத்தம். அவ்வளவுதான். தூரிகையால் சாஸ் ஒரு கோடு பூசி எனக்கு முன்னால் வைத்துவிட்டார். வைத்ததும் உருண்டை ஒரு நூலளவு கீழே அமர்ந்தது. உள்ளே காற்று இருக்கிறது! ஃபுசேயில் என்னைப் பிடித்த கேள்விக்கு விடை அது. வெளிப்பருக்கைகள் மட்டும் பிடித்து நிற்கும்படி, உள்ளே நெகிழ்வாக விடுகிறார்.

சோறு வெளிர்பழுப்பு. சாகே சக்கை வினிகர்தான். உடம்புச் சூட்டில் இருந்தது, நாக்கில் வைத்தால் சூடும் இல்லை குளிர்ச்சியும் இல்லை.

முதலில் ஊறவைத்த சூரை. ஞாயிறு தின்ற அதே மீன், ஆனால் பளிங்கு போல இறுகி, கரும்பவளமாக இருந்தது. பின் விலாங்கு, வாயில் வைத்ததும் கரைந்தது. அதற்குப் பிறகு கொஹாதா. சாளைக்கு உறவுக்கார மீன், விரல் நீளம்தான். வெள்ளித் தோலில் கரும்புள்ளிகள் வரிசையாக, தோல் மேல் மெல்லிய கீறல்கள். கடித்தால் முதலில் வினிகர், பிறகு உப்பு, பிறகு அந்த எண்ணெய் மீனுக்கே உரிய ஆழமான ருசி எழும்பி, சோற்றின் புளிப்பில் போய்ச் சேர்ந்தது. எங்கே மீன் முடிந்தது, எங்கே சோறு தொடங்கியது என்று தெரியவில்லை. இத்தனை நாள் தின்றதில் இதுதான் சுஷி.

எங்கள் ஊரில் சாளை ஏழை மீன். அதே குடும்பத்து மீனை வைத்துத்தான் இங்கே ஒரு கடையின் கையை எடைபோடுகிறார்கள்.

உப்பு எவ்வளவு நேரம் என்று கேட்கச் சொன்னேன். அவர் கத்தியை வைத்துவிட்டுப் பதில் சொன்னார். மீனின் அளவு, கொழுப்பு, அன்றைய வெக்கை, மூன்றையும் பார்த்துத்தான் உப்பு. பெரிதென்றால் நேரம் கூடும், சின்னதென்றால் கண் இமைப்பதற்குள் எடுக்க வேண்டும். கழுவி, வினிகரில் முக்கி, எடுத்து வடியவிட்டு, உடனே தின்னக்கூடாது. ஒரு நாளாவது இருந்தால்தான் உப்பும் வினிகரும் சமமாகும். “இவங்க ஊர்லயும் மீனுக்கு உப்புப் போடுவாங்க, அதான் கேட்கிறா” என்று மதினி சொன்னதும் அவர் என்னைப் பார்த்துத் தலை குனிந்தார். இன்னொரு கொஹாதா பிடித்து வைத்தார்.

மதினிக்குக் கான்பியோ மாகி. சுரைக்காயை நாடா நாடாவாகச் சீவிக் காயவைத்தது, தோச்சிகி மாகாணத்தில் செய்வார்கள். அதை ஊறவைத்துச் சர்க்கரையும் சோயா சாஸும் விட்டு வேகவைத்துச் சோற்றில் சுருட்டுகிறார்கள். சுரைக்காயேதான், நம்முடையதுதான். கூடவே ஊதா நிறக் கத்தரிக்காய் ஊறுகாய் வைத்து ஒரு நிகிரி. மதினி ஒவ்வொன்றாக நிதானமாகச் சாப்பிட்டார். இந்தப் பயணத்தில் அவர் முதல் முறையாக இரண்டாவது தட்டு கேட்டு வாங்கியது அந்தச் சுரைக்காய்தான்.

ராத்திரி அம்மாவோடு வீடியோவில் பேசினேன்.

“பச்சையாவா தின்ன?”

“இல்லம்மா, உப்புப் போட்டு வினிகர்ல ஊறவச்சது. நம்ம சாளை மாதிரி மீனு.”

“முழு மீனா, கீறினதா?”

“முதுகோட சேர்த்து விரிச்சது. நடுமுள் எடுத்தது.”

“கல்லுப்பா, தூளுப்பா?”

அதைக் கேட்கவில்லை. நாளைக்கு விமானம் சாயங்காலம்தான். மதினி கடைக்கு போன் போட்டுக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். ஊருக்கு வந்ததும் சாளை வாங்கி, உறையவைத்து எடுத்து, செய்து பார்த்துவிட வேண்டும் என்று அம்மா இப்போதே சட்டி பார்த்து வைத்திருக்கிறாள்.